மணிக்கூண்டுக் கட்டடத்தைக் காணச் செல்வோம்

(தோட்டக் குடும்பங்கள் தலைநகருக்குச் சுற்றுலாச் செல்லவிருந்ததை முன்னிட்டு, கிள்ளான் வட்டாரத் தோட்ட மண்டபம் ஒன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரும் ஞாயிற்றுக்கிழமை இத்தோட்டத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடிக் கோலாலம்பூருக்குச் செல்லவிருப்பதை அறிந்து பெரிதும் மகிழ்கிறோம். நம்மவர்க்குக் கோலாலம்பூர் புதிய ஊர் அன்று. தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குச் செல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. தீபாவளி நெருங்கினால் துணிமணி வாங்க மஸ்ஜித் இந்தியாவிற்கும் பிரிக்பீல்ட்ஸ் கடைவீதிக்கும் சென்று வருகிறோம். ஆயினும், மஸ்ஜித் இந்தியாவிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் நிற்கும் மணிக்கூண்டுக் கட்டடத்தைப் பேருந்துச் சன்னல் வழியாகக் கண்டதோடு நிறைவடைந்தவர்களே நம்மில் மிகப் பலர்.

அதன் பெயர் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். பள்ளிப் பாட நூல்களிலும் நாட்காட்டிகளிலும் அதன் படத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். இம்முறை உங்கள் சுற்றுலாவில் அதற்கே முதலிடம் தந்திருக்கிறீர்கள். நெடுந்தொலைவு செல்வோர் வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொள்வது நம் வழக்கம். அதுபோல, அக்கட்டடத்தைப் பற்றிச் சில செய்திகளையும் கட்டிக்கொண்டு செல்லுங்கள் என்று சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

இரயில் பாதையில் தொடங்குவோம்

நீங்கள் கிள்ளானில் மின்சார இரயில் ஏறவிருக்கிறீர்கள். சிலாங்கூரின் முதல் இரயில் பாதை கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரையில் 1886-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றின்மீது பாலம் அமைந்தபின் பாதை கிள்ளானை எட்டிற்று. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972 முதல் போர்ட் கிள்ளான் என்று நாம் அழைக்கும் துறைமுகம் அதுவே. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் கரையிறங்கிய இடமும் அதுவே. ஆகவே, நீங்கள் செல்லும் பாதை உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் தகரப் பெட்டியோடு வந்த பாதையாக இருத்தல் கூடும்.

இரயில் செல்லும்போது சன்னல் வழியே கவனியுங்கள். ஷா ஆலாம் நிலையம் வரும். சிலாங்கூரின் தலைநகராகிய அந்நகர் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்து நிலத்தில். சுபாங் ஜெயா வரும். அது சீபீல்டு தோட்டத்து நிலம். பிரிக்பீல்ட்ஸை அடுத்துள்ள பங்சாரின் பெயரே, அங்கு ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஐரோப்பிய நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர். மாடி வீடுகளும் பேரங்காடிகளும் நிற்கும் இந்நிலங்களில் ஒரு காலத்தில் வாளியும் கத்தியுமாக நம்மவர் விடியலில் நிரை நிரையாக நடந்தனர். அங்கிருந்த லயங்களும் பிரட்டுக் களங்களும் மறைந்துவிட்டன. இதை வருந்துவதற்காகச் சொல்லவில்லை. சற்றுப் பின்னர் நாம் கூறவிருக்கும் ஒன்றுக்கு இது தேவைப்படும் என்பதால், இப்போதே நினைவில் இருத்துங்கள்.

செங்கல் சூளையும் பிரிக்பீல்ட்ஸும்

கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால் நீங்கள் நிற்கும் இடம் பிரிக்பீல்ட்ஸ். அப்பெயரின் பொருள் செங்கல் சூளை வெளி என்பதாகும். கோலாலம்பூர் தொடக்கத்தில் பலகையும் அத்தாப்பும் கொண்டு கட்டப்பட்ட ஊர். 1881-ஆம் ஆண்டு மூண்ட பெருந்தீயும் அதனையடுத்து வந்த வெள்ளமும் அவ்வூரைப் பாழாக்கின. 1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்ட வேண்டுமென வற்புறுத்தினார். சீனர்களின் தலைவராக விளங்கிய காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் தொழிலை இங்கே வளர்த்தார். சூளைகள் பெருகிய இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று.

பின்னர் அங்கு இரயில்வே பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் தோன்றின. தண்டவாளம் பதித்தல், சாலை அமைத்தல், மண் சுமத்தல் போன்ற பொதுப்பணி, இரயில்வேத் துறைகளின் கடும் உழைப்பில் தென்னிந்தியத் தொழிலாளர் பெருமளவில் ஈடுபட்டிருந்தனர். எழுத்து வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் அமர்ந்தனர். நம் மொழியும் கோயிலும் உணவும் அவ்வூரில் வேரூன்றிய வரலாறு இதுதான். ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்று பெயர் பெற்றிருந்த இரயில்வே ஊழியர் வீடுகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்தன. அவை இன்று இல்லை. புதிய கட்டடங்களுக்காக இடிக்கப்பட்டுவிட்டன.

அவ்வூரின் முதன்மைச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1950-களின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வரும் நிலை ஏற்பட்டபோது, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திப் பால்வெட்டும் தொழிலாளி பங்குதாரர் ஆனார். சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. அதுவரை செக்ரோலில் மட்டுமே இருந்த தொழிலாளியின் பெயர், உடைமையாளர் பதிவேட்டிலும் ஏறியது. பெயர் ஏட்டில் இருந்தமையால் உரிமையும் கையில் இருந்தது. இதையும் நினைவில் வையுங்கள்.

கட்டடத்தின் முன்னே

கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. இரயிலில் இரண்டாம் நிலையம் மஸ்ஜித் ஜாமெக். அங்கே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகின்றன. சேறு கலந்த அந்தக் கூடல் முகமே கோலாலம்பூர் என்னும் பெயருக்குக் காரணம். 1857-இல் ஈயம் தேடி ஆற்றின் வழியே வந்த 87 சீனர்களுள் பெரும்பாலோர் காய்ச்சலுக்கு இரையாகி, ஒரு மாதத்தில் 18 பேரே எஞ்சினர் என்று இந்நகரின் தோற்றக் கதை கூறுகிறது. இந்த ஊர் எளிதில் எழுந்த ஊர் அன்று.

ஆற்றைக் கடந்து சிறிது நடந்தால், சுதந்திரச் சதுக்கமாகிய டத்தாரான் மெர்டேக்காவும், அதன் கிழக்கே நீண்டு நிற்கும் செந்நிறக் கட்டடமும் தோன்றும். அது மேற்கு நோக்கி அமைந்துள்ளது. காலையில் சூரியன் அதன் பின்புறம் இருக்கும். கண்கூசாமல் நிழலில் நின்று பார்க்கலாம். மாலையில் வெயில் நேரே அதன் முகத்தில் விழும்போது செங்கல்லின் நிறம் மிக எடுப்பாகத் தெரியும்.

1894-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1897-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் கட்டடம் திறக்கப்பட்டது. அந்நாளில் அது அரசாங்க அலுவலகம். 1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களும் கூட்டாக்கப்பட்டுக் கோலாலம்பூர் அவற்றின் தலைநகராக்கப்பட்டது. அந்த ஆட்சியின் செயலகம் இங்கே அமர்ந்தது.

முதலில் வரைபடம் தீட்டியவர் பொதுப்பணித் துறையின் கட்டடக் கலைஞர் ஏ. சி. நார்மன். அது ஐரோப்பிய முறையில் இருந்தது. இலங்கையில் பணியாற்றிவிட்டு இங்கு வந்திருந்த தலைமைப் பொறியாளர் சி. இ. ஸ்பூனர், இந்நாட்டுக்கு இசுலாமியச் சாயல் கொண்ட அமைப்பே பொருந்தும் என்றார். அதற்கேற்ப முகப்பைத் திருத்தி அமைத்தவர் ஆர். ஏ. ஜே. பிட்வெல். அதனால்தான் குதிரை லாடம் போன்ற வளைவுகளும், செம்புத் தகடு போர்த்திய குவிமாடங்களும் அங்கே உள்ளன. இந்தியாவில் ஆங்கிலேயர் வளர்த்த இந்தோ-சாரசெனிக் என்னும் பாணியின் உறவு இது. சென்னைக்குச் சென்று வந்தவர்கள் 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடத்தை நினைவுகூர்ந்தால், இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது விளங்கும்.

நடுவே உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டின் உயரம் ஏறத்தாழ 41 மீட்டர். அதன் இருபுறமும் சற்றுத் தாழ்ந்த இரு கோபுரங்கள் உள்ளன. சுழற்படிக்கட்டுகள் அவற்றினுள்ளே செல்கின்றன. கட்டடத்தைச் சூழ்ந்து அகன்ற தாழ்வாரம் ஓடுகிறது. இது அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. மின்விசிறி இல்லாத காலத்தில் வெயிலையும் சாரல் மழையையும் அறைக்குள் விடாமல் தடுத்து, காற்றை மட்டும் உள்ளே விட்டது அத்தாழ்வாரம். நம் பழைய லயத்து வீடுகளின் முன்தாழ்வாரம் செய்த வேலையும் அதுவேயன்றோ?

செங்கல்லுக்குக் கணக்கு உண்டு

இக்கட்டடத்திற்குச் செலவான பொருள்களின் கணக்கை வரலாற்று நூல்கள் தருகின்றன. 40 இலட்சம் செங்கற்கள். 2,500 பீப்பாய் சிமெண்டு. 18,000 பிக்குல் சுண்ணாம்பு. 50 டன் இரும்பும் எஃகும். 5,000 இராத்தல் செம்பு. 30,000 கன அடி மரம். செலவு ஏறத்தாழ 152,000 வெள்ளி.

மாணவர்கள் இங்கே இருப்பதால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிக்கல் நாட்டியது முதல் திறப்பு விழா வரை 30 மாதங்கள். அதாவது ஏறத்தாழ 900 நாட்கள். 40 இலட்சத்தை 900-ஆல் வகுத்தால், விடுமுறையே இன்றி வேலை நடந்ததாக வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 செங்கற்கள். ஒரு செங்கல் 3 கிலோ எனக் கொண்டால் அது 13 டன்னுக்கு மேற்பட்ட சுமை. இக்காலத்துப் பளுதூக்கி எந்திரங்கள் அன்று இல்லை. அந்தச் செங்கல்லை ஒருவர் மண் பிசைந்து அறுத்தார். ஒருவர் சூளையில் அடுக்கினார். ஒருவர் வண்டியில் ஏற்றினார். ஒருவர் தோளிலோ தலையிலோ சுமந்து சாரத்தில் ஏறினார். கணக்கேட்டில் கல் இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, செம்பு இருக்கிறது. நார்மன், ஸ்பூனர், பிட்வெல் என்னும் பெயர்களும் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுதல் வேண்டும். இக்கட்டடம் ரப்பர்ப் பணத்தால் எழுந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. எனினும் பெருந்தோட்டங்கள் பரவியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1897-இல் சிலாங்கூரின் செல்வம் ஈயம். அந்த ஈயச் சுரங்கங்களில் மாண்டவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். நம் முன்னோர் அப்போது காப்பித் தோட்டங்களிலும் சாலையிலும் இரயில் பாதையிலும் இருந்தனர். நாடோ மலாய் சுல்தானுடையது. 1857 முதல் 1898 வரை சிலாங்கூரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாட்டின் பெயர் 1974-ஆம் ஆண்டு இக்கட்டடத்திற்குச் சூட்டப்பட்டது. ஆகவே, ஒரே இனத்தின் பெருமை என்று எவரும் இதைச் சொந்தம் கொண்டாட இயலாது. பல இனத்தாரும் உழைத்து உருவாக்கியமையால், பல இனத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. இல்லாததைச் சேர்த்துச் சொல்லாமல், இருப்பதைக் குறைத்தும் சொல்லாமல் இருந்தாலே நம் பங்கு தானாக விளங்கும்.

மணியும் மணிக்கூண்டும்

மணிக்கூண்டின் கடிகாரம் முதன்முதலில் ஒலித்தது 1897-இல், விக்டோரியா மகாராணியாரின் வைரவிழாவின்போது. அது முதல் நகரத்து அலுவலகங்கள் அதன் மணியைக் கேட்டு இயங்கின. தோட்டத்திலே பிரட்டு மணி, தலைநகரிலே மணிக்கூண்டு. இரண்டும் ஒரே ஆட்சிமுறையின் இரு குரல்கள். எவர் எப்போது எழ வேண்டும், எப்போது வரிசையில் நிற்க வேண்டும் என்பதை மணி சொன்னது.

ஆயினும் மணி சொல்வதை மரம் கேட்பதில்லை. 1982-ஆம் ஆண்டு சனவரி 1-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. மணிக்கூண்டின் முள்ளும் நகர்ந்தது. ஆனால் விடியற்குளிரில்தான் பால் நன்றாக ஓடும் என்னும் மரத்தின் வழக்கம் மாறவில்லை. அந்த மாற்றத்தைக் கண்ட பெரியவர்கள் இங்கே இருப்பின், அது குறித்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வரலாறு என்பது அரசர் கதை மட்டுமன்று என்பது அவர்களுக்குப் புரியும்.

அடுத்து நாம் கூறப்போவதைச் சதுக்கத்தில் நின்று நினைத்துப் பாருங்கள். 1941-ஆம் ஆண்டு, கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக் கடைகளை மூடுதல் ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளுள் சில. இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல். கூலியோடு மானத்தையும் அவர்கள் கேட்டார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். 1941 மே மாதத்தில் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். அந்நாளில் கோலாலம்பூரே சிலாங்கூர் ஆட்சியின் தலைமையிடம். நம் முன்னோர்க்கு அந்நகரத்து ஆட்சிக் கட்டடங்கள் நிமிர்ந்து பார்க்கும் இடங்களாக இருந்ததில்லை.

அதன்பின் 16 ஆண்டுகள் கழிந்தன. 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் இரவு, இக்கட்டடத்தின் எதிரேயுள்ள பாடாங் திடலில் மக்கள் திரண்டனர். மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்த அந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. மலாயாக் கூட்டரசின் கொடி ஏறியது. மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலைப் பிரகடனத்தை வாசித்து, ‘மெர்டேக்கா’ என்று ஏழு முறை முழங்கினார். மகாராணியாரின் விழாவுக்கு முதலில் ஒலித்த மணி, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அவ்வாட்சியின் முடிவுக்கும் ஒலித்தது. மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்களின் பிள்ளைகள் விடுதலை பெற்ற நாட்டில் தலைநிமிர்ந்து நடந்தனர். அந்தத் திடலே 1990 முதல் டத்தாரான் மெர்டேக்கா எனப் பெயர் பெற்றது.

1980-களில் நாட்டின் உயர்ந்த நீதிமன்றங்கள் இக்கட்டடத்தில் அமர்ந்தன. புத்ராஜெயாவிலும் ஜாலான் டூத்தாவிலும் புதிய நீதிமன்றங்கள் எழுந்தபின் அவை இடம் பெயர்ந்தன. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் இது தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டுள்ளது. எவரும் இதனை மனம்போல் இடிக்க இயலாது.

பெயரை எழுதி வைப்போம்

சன்னல் வழியே கண்ட தோட்டங்களையும், பங்குதாரர் பதிவேட்டில் ஏறிய பெயர்களையும் நினைவில் வைக்கச் சொன்னோம். இப்போது அவற்றிற்கு வருவோம். மணிக்கூண்டுக் கட்டடம் நிற்கிறது. அதற்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. ஷா ஆலாமிலும் பங்சாரிலும் இருந்த லயங்களுக்கு அத்தகைய காவல் இல்லை. அங்கே உழைத்தோரின் பெயர்களும் கதைகளும் அவர்தம் குடும்பத்தார் நினைவில் மட்டுமே உள்ளன. நினைவு ஒருவர் ஆயுள் வரைதான் நிற்கும்.

நம் மூதாதையர் இதை நன்கு அறிந்திருந்தனர். தஞ்சையில் இராசராச சோழன் எழுப்பிய பெரிய கோயில் 1010-இல் நிறைவுற்றது. அதன் கல்வெட்டுகளில் மன்னன் பெயர் மட்டுமா இருக்கிறது? கோயிலில் பணியாற்றிய 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டப்பட்டுள்ளன. இசைப்போர், தச்சர், நாவிதர், வண்ணார் எனப் பணியாளர் பலரும் இன்ன பங்கு பெற்றனர் என்று அக்கல் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெண்களின் பெயரை நாம் படிக்க முடிகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் மண் சுமந்த நம் கொள்ளுப்பாட்டியின் பெயரை நம்முள் எத்தனை பேர் சொல்ல முடியும்?

ஆகவே, சுற்றுலாவிற்கு முன்பாகவே மூன்று செயல்களைச் செய்யும்படி உங்களை வேண்டிக்கொள்கிறோம்.

முதலாவது, மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டை எடுத்து, தாத்தா பாட்டியின் முழுப்பெயர், பிறந்த ஊர், அவர்களோ அவர்தம் பெற்றோரோ கப்பலேறிய ஆண்டு, வேலை செய்த தோட்டங்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால், ‘சப்பான்காரன் வருவதற்கு முன்பா, பின்பா?’ என்று கேளுங்கள்; விடை வரும். அந்தக் குறிப்பேட்டோடு சதுக்கத்திற்குச் செல்லுங்கள். 1897, 1941, 1957 ஆகிய ஆண்டுகளில் உங்கள் குடும்பம் எங்கே இருந்தது என்று அங்கே அமர்ந்து எழுதிப் பாருங்கள். அக்கட்டடம் அப்போது உங்களோடு பேசும்.

இரண்டாவது, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய தாள்களை எவரும் வீசிவிட வேண்டா. கப்பல் சீட்டு, பழைய அடையாள அட்டை, செக்ரோல் துண்டு, சங்க உறுப்பினர் அட்டை, பள்ளிச் சான்றிதழ், ஊழியர் சேமநிதிக் கணக்கு, தோட்டத்து மருத்துவமனைச் சீட்டு ஆகிய அனைத்தும் ஆவணங்களே. கறையானும் ஈரமும் அண்டாதவாறு உறையிலிட்டு வையுங்கள்.

மூன்றாவது, இதுவே மிகவும் இன்றியமையாதது. இந்நாட்டில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இன்றி, அடையாள அட்டை இன்றி, பள்ளியிலும் வேலையிலும் அல்லலுறுவோர் நம்மவரிடையே உண்டு. பிரசவம் வீட்டில் நடந்தது, பதிவு செய்ய நேரமில்லை, தகப்பனார் வேலை மாறிப் போனார், திருமணம் கோயிலில் நடந்ததோடு நின்றுவிட்டது என்று காரணங்கள் பலவாக இருக்கலாம். துன்பம் ஒன்றுதான், அதனைச் சுமப்பது குழந்தை. செங்கல் சுமந்தவரின் பெயரை எழுதாமல் விட்டது அன்றைய ஆட்சியின் குறை. பெற்ற பிள்ளையின் பெயரை எழுதாமல் விட்டால் அது யார் குறை? குழந்தை பிறந்தால் காலம் தாழ்த்தாமல் பதிவு செய்யுங்கள். திருமணத்தையும் சட்டப்படி பதியுங்கள். முன்பே தவறிப்போனவர்கள் அஞ்சாமல் தேசியப் பதிவிலாகாவை நாடுங்கள். இருக்கின்ற சான்று எதுவாயினும், பள்ளி ஆசிரியரின் கடிதமோ, மருத்துவமனைச் சீட்டோ, அதை எடுத்துச் செல்லுங்கள். மனு எழுதத் தெரியவில்லை எனத் தயங்க வேண்டா. எழுதித் தர நாம் இருக்கிறோம். இக்கூட்டம் முடிந்ததும் அத்தகைய குடும்பத்தார் மேடையருகே வாருங்கள். ஒவ்வொருவருடைய விவரத்தையும் குறித்துக்கொள்ளப் படிவங்கள் கொண்டு வந்துள்ளோம்.

பயணத்திற்குச் சில குறிப்புகள். கட்டடத்தின் எப்பகுதி பொதுமக்களுக்குத் திறந்திருக்கும், எந்நேரத்தில் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள். சதுக்கத்தில் நிழல் குறைவு. குடையும் குடிநீரும் கொண்டு செல்லுங்கள். சாலையைக் கடக்கும்போது சிறுவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரில் பெயர் கிறுக்க வேண்டா; நம் பெயர் எழுதப்பட வேண்டிய இடம் அதுவன்று. மூத்தோரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். ‘எனக்கெதற்கு அந்தக் கட்டடம்?’ என்று அவர்கள் மறுக்கக்கூடும். அவர்கள் இல்லாமல் போனால் நீங்கள் காண்பது செங்கல்லும் சுண்ணாம்பும்தான் என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள். பெரியவர்களை உட்காரவைத்துப் படம் எடுங்கள். படத்தின் பின்னே அவர்களுடைய பெயரையும் நாளையும் எழுதி வையுங்கள்.

உங்கள் பயணம் இனிதே நிறைவேறுக. படிவம் வேண்டுவோர் இப்போதே வரலாம்.